புத்தாண்டில் வெற்றியுள்ள வாழ்க்கை: கிறிஸ்தவம் சொல்வது என்ன?

கடவுள் காட்டும் வழியில் விலகாமல் நடப்பதே கிறிஸ்தவப் பார்வையில் வெற்றி. வேதாகமத்தின் (பைபிளின்) யோசுவா நூலில் 1:8 வசனம் அதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: வேதத்தை இரவும் பகலும் தியானிக்க வேண்டும். தினமும் கேட்கும் வார்த்தைதான் முடிவெடுக்கும் நேரத்தில் நினைவுக்கு வரும். மாதம் ஒருமுறை குடம் குடமாக ஊற்றினால் செடி பிழைக்காது. தினம் ஒரு செம்பு போதும்.

புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறன்று ஐந்து என வாசித்தால் ஓராண்டில் முடியும். பலர் ஜனவரி இறுதியில், மூன்றாவது நூலான லேவியராகமத்தின் பலி விதிகளில் நின்றுவிடுகிறார்கள். அப்போது மூன்றில் ஒன்றை, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷத்திலிருந்து எடுங்கள். நாள் தவறினால் பாக்கியைச் சேர்க்காதீர்கள், அதுதான் ஆளைச் சோர்வாக்கும். அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள்.

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசனம் (கடவுளின் வாக்குறுதியாகத் தரப்படும் வேத வசனம்) அந்த ஆண்டு லாபத்துக்கு உத்தரவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: கடவுளின் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும், பலருக்கும் பிடித்த எரேமியா 29:11 பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டுச் சிறையிருப்பில் இருந்த யூதர்களுக்கு எழுதப்பட்டது, அதன் முந்தைய வசனமே 70 ஆண்டு காத்திருப்பைச் சொல்கிறது.