அடைப்புக்குறிக்குள் ஒரு மாமனார்

கேள்வி: என் கணவர் எட்டு மாதமாக ஜெர்மனியில், மியூனிக் நகரத்தில் வேலை பார்க்கிறார். ஜூலை கடைசியில் ஊருக்கு வந்து, ஆகஸ்ட் நடுவில் என்னையும் எட்டு வயது மகனையும் கூட்டிப் போகிறார். எங்கள் வீட்டு நாட்டு நாய் மணிக்கு ஆறு வயது, 18 கிலோ. மணி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று மகன் அழுகிறான். ரேபிஸ் ஊசி வருடாவருடம் போடுகிறோம்; மைக்ரோசிப் வைக்கவில்லை. ஏஜென்ட் ஒருவர், "நீங்க முதல்ல போயிடுங்க மேடம், மூணு மாசம் உங்க மாமனார் பார்த்துக்கட்டும், நவம்பர்ல பேப்பர் எல்லாம் முடிச்சு நானே ஏத்தி விட்டுடறேன், தூக்க மாத்திரை கொடுத்துட்டா நாய்க்கு ஒண்ணுமே தெரியாது" என்கிறார். (மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். மாமியார் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை; மணி தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் இன்னொரு தோசை உள்ளே போகும்.) ஏஜென்டை நம்பலாமா? வேறு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் முழுக் கடிதம் நாலு பக்கம். இடம் கருதிச் சுருக்கினேன். அந்த அடைப்புக்குறியை மட்டும் நீங்கள் போட்டபடியே விட்டிருக்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் நாயை என்ன செய்வது என்று கேட்டு எழுதும் கடிதங்களில், பெரும்பாலும் ஒரு பெரியவர் இப்படித்தான் ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். உங்கள் நாலு பக்கத்தில் கூண்டின் அளவு இருக்கிறது, டிக்கெட் விலை இருக்கிறது, மியூனிக் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்கா கூட இருக்கிறது. "மாமாவிடம் கேட்டோம்" என்று ஒரு வரி இல்லை.

கேட்டீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் அவர் சொன்ன பதிலையும் எழுதியிருப்பீர்கள். உங்கள் திட்டத்தில் அவர் மூன்று மாதத்துக்கு நாய் பார்த்துக்கொள்கிற ஆள், அவ்வளவுதான். ஆகஸ்டில் மகனும் மருமகளும் பேரனும் டாக்சி ஏறுவார்கள். நவம்பரில் முன்பின் தெரியாத ஒருவர் கூண்டோடு வாசலில் வந்து நிற்பார். மணியை அதில் தள்ளிப் பூட்டிக்கொண்டு போவார். கேட்டைச் சாத்திவிட்டு மாமா உள்ளே வருவாரே, அன்று ராத்திரி அவருக்கு அந்த முதல் தோசையை யார் ஊற்றுவது? அதைக்கூட நீங்கள் எழுதவில்லை.

என் சித்தப்பா ஒருவர் திருச்சியில் இருந்தார். சித்தி போன பிறகு அவருக்குத் துணை ஒரு நாய்தான். அவர் மகன் நல்ல பிள்ளை, அப்பாவுக்கு இந்த வயதில் நாயோடு சிரமம் வேண்டாம் என்று நினைத்து, தான் குடியேறிய நாட்டுக்கே அதைக் கொண்டுபோய்விட்டான். ஒன்றரை மாதம் கழித்து நான் போயிருந்தேன். குழம்புக்குத் தேங்காய்ச் சில்லு தேடி ஃப்ரீசரைத் திறந்தால், கறுப்பு கேரி பேக்கில் முடிச்சுப் போட்ட ஆறு பொட்டலம். பிரித்துப் பார்த்தேன், எலும்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரரும் வழக்கம்போல எலும்பைத் தனியாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. "நாய் போயிடுச்சுன்னு அவன்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஏஜென்ட். அவர் சொன்னதில் ஒன்று விதிக்கு ஒத்துவராது, இன்னொன்று மணியின் உயிருக்கு ஆபத்து.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வீட்டு நாய் என்ற கணக்கில் ஒரு நாய் நுழைய வேண்டுமானால், உரிமையாளர் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் நடுவில் 5 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. நீங்கள் ஆகஸ்டில் போய்விட்டு, மணி நவம்பரில் தனியாக வந்து இறங்கினால் அது வணிக இறக்குமதி. அதற்கு விதியும் சான்றிதழும் வேறு, கெடுபிடியும் அதிகம். குட்டிகளை விற்கக் கொண்டுபோகிறவர்கள் வீட்டு நாய் என்று பொய் சொல்லாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் விஷயத்தில் அதனால் வேறொரு நன்மையும் இருக்கிறது. வீட்டு நாய் என்ற கணக்கில் மணியைக் கூட்டிப் போக வேண்டுமானால் உங்களில் ஒருவர் திரும்பி ஈரோட்டுக்கு வந்தாக வேண்டும். மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் சங்கிலியை வாங்க முடியும். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிற வேலை நடக்காது.

தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது. மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு தடுமாறும், கூண்டு ஆடும்போது காலை ஊன்றி நிற்க முடியாது. அப்படிக் கொடுத்திருப்பது தெரிந்தால் விமான நிறுவனங்கள் நாயை ஏற்றவே மறுத்துவிடும். 18 கிலோ நாயை உங்கள் காலடியில் வைத்துக்கொண்டு போகவும் முடியாது. அந்த வசதி பையோடு சேர்த்து எட்டு கிலோ வரையிலான குட்டி நாய்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. மணி கீழே, காற்றழுத்தமும் சூடும் சீராக வைத்த சரக்குப் பகுதியில்தான் போக வேண்டும். அதற்குக் கூண்டுப் பழக்கம்தான் மருந்து. நின்றால் தலை இடிக்காத, உள்ளேயே திரும்பி, நீட்டிப் படுக்கக்கூடிய கூண்டு வாங்கி, இரண்டு மாதத்துக்கு முன்பே கதவைத் திறந்து கூடத்தில் போட்டு, சாப்பாட்டை அதற்குள் வைக்க வேண்டும். அது தானாகப் போய்ப் படுக்கும் நாள் வரும். அதற்கு முன்னால் விமானத்தைப் பற்றி யோசிக்காதீர்கள்.

இனி நாள் கணக்கு. ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் நம் ஊர் நாய்க்குச் சுற்று அதிகம். முதலில் 15 இலக்க அடையாள எண் கொண்ட மைக்ரோசிப். சிப் வைத்த பிறகு போட்ட ரேபிஸ் ஊசிதான் செல்லும். நீங்கள் இத்தனை வருடம் போட்டதெல்லாம் மணியைக் காப்பாற்றியது, ஆனால் அந்த அட்டை எல்லையில் செல்லாது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இப்போது ஜூன். இந்த வாரமே சிப்பும் ஊசியும் என்றால் ஜூலை நடுவில் ரத்தம், அக்டோபர் நடுவில்தான் வாசல் திறக்கும். ஆகஸ்டில் மணி உங்களோடு வர வழியே இல்லை. முடியும் என்று யாராவது சொன்னால், அவர் தேதியைத் திருத்தப் போகிறார் என்று பொருள். கடைசியாகச் சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சான்றிதழ். அது கையில் கிடைத்த 10 நாளுக்குள் ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட வேண்டும்.

இதில் ஏஜென்ட் உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனையில் ஒரு முறை தேறிவிட்டால், அதன்பின் ஒரு நாள்கூடத் தவறாமல் ஊசியைப் புதுப்பித்துக்கொண்டே போனால், அந்த முடிவு காலாவதி ஆகாது. அடுத்த வருடமோ நாலு வருடம் கழித்தோ அதே முடிவைக் காட்டி மணியைக் கொண்டுபோகலாம். ஆகவே சிப், ஊசி, ரத்தம் மூன்றையும் இப்போதே முடித்துவிடுங்கள். மணி போகிறதா இல்லையா என்பதை நவம்பருக்குள் முடிவு செய்யும் கட்டாயம் அதோடு போய்விடும். மாமாவைக் கேட்பதற்கு அவகாசம் கிடைக்கும்.

கேட்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர். அவர் அப்பாவின் பிள்ளை. எட்டு மாதமாக வீட்டில் இல்லாததால் இந்த முடிவெல்லாம் மனைவி தலையில் விழுந்திருக்கிறது. அதற்காக இதையும் மருமகள் செய்ய வேண்டும் என்று நான் ஒப்ப மாட்டேன். போனில் கேட்கக் கூடாது. ஜூலை கடைசியில் வருகிறார் அல்லவா, சாமான் கட்டத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், பேரனை வெளியே அனுப்பிவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "மணியைக் கூட்டிட்டுப் போகட்டுமாப்பா?" என்று கேட்டால் பதில் எனக்கு இப்போதே தெரியும். "கூட்டிட்டுப் போங்க, பையன் ஆசைப்படறான்" என்பார். நம் வீட்டுப் பெரியவர்களிடம் "எடுத்துக்கட்டுமா" என்று கேட்டு "எடுத்துக்கோ" என்பதைத் தவிர வேறு பதில் எந்த வீட்டிலாவது வந்திருக்கிறதா? நகை, நிலம், கடைசித் துண்டு மீன், எதுவானாலும் அதே பதில்தான். அந்தச் சம்மதத்தை வைத்துக்கொண்டு "கேட்டோமே, சரின்னுட்டாரே" என்று காலம் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாதீர்கள். "மணி உங்ககூடவே இருக்கட்டுமாப்பா? உங்களுக்கு முடியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். காத்திருங்கள். இரண்டு நாள் ஆனாலும் காத்திருங்கள். அப்படி வரும் பதில் "முடியாதுப்பா" என்றால் அதுவும் உண்மையான பதில்; மணியை மனசாரக் கூட்டிப் போகலாம்.

"இருக்கட்டும்" என்றால், இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போவதும் தப்பு. 18 கிலோ நாய் பூனையைப் பார்த்து இழுத்தால் வயதானவர் தடுமாறி விழுவார், இடுப்பெலும்பு போய்விடும். காலையும் மாலையும் மணியை நடத்திக் கூட்டிப் போகத் தெருவில் ஒரு பையனைச் சம்பளத்துக்குப் பேசுங்கள். மாமா சங்கிலியைப் பிடிக்காமல் கூடவே நடக்கட்டும். கால்நடை மருத்துவர் செலவுக்கு மாதாமாதம் தனியாகப் பணம் அனுப்புங்கள், அவர் பென்ஷனில் கை வைக்க வேண்டாம். ஊசி தேதி உங்கள் கணவர் போனில் இருக்க வேண்டும். மாமாவுக்கே உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அன்று ராத்திரி மணிக்குச் சோறு யார் வைப்பது என்று ஒரு பெயர் வேண்டும், அந்த ஆளிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சமைத்துப்போட ஓர் அம்மாளை ஏற்பாடு செய்யுங்கள். தோசை மாவு தீர்ந்துவிட்டதா என்று வாரம் ஒரு முறை நீங்களே கேளுங்கள்.

"மாமனார் அங்கே வர விரும்பமாட்டார்" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதையும் அவர் சொன்னாரா, நீங்கள் நினைத்துக்கொண்டீர்களா? ஜெர்மனிக்கு வந்துபோக வாங்கும் ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள் தங்கலாம். வருகிற மே மாதம் வாங்க என்று கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவர் இஷ்டம். அழைப்பு உங்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

மகன் அழுவான். அழட்டும். "மணி பின்னாடியே வந்துடும்" என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள்; எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பொய்யை நாள் எண்ணிக்கொண்டே பிடித்துவிடும். "பாட்டி இல்லாம தாத்தா சாப்பிடறதில்லடா, மணிதான் அவரைச் சாப்பிட வைக்குது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவன் உங்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வான் என்று நினைக்கிறேன். தினமும் ராத்திரி வீடியோ காலில் மணியைக் காட்டச் சொல்லி அவன் கேட்பான், தாத்தாவுக்கும் போனைப் பிடிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

மணி கடைசியில் மியூனிக் போவதாகவே ஆனாலும், அங்கே அதன் நாள் வேறு. தெருவில் அவிழ்த்துவிட முடியாது. நாய் வரி உண்டு, வீட்டுக்காரர் அனுமதி கேட்க வேண்டும். நாயைப் போதுமான அளவு வெளியே நடமாட விட வேண்டும் என்று ஜெர்மனியில் விதியே இருக்கிறது. பனி விழும் ஜனவரியில் அந்த நடை உங்களுடையது, மகனுடையதல்ல. இதையும் கணவரோடு பேசி வையுங்கள்.

இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை கால்நடை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். சிப்பைத் தோளுக்கு நடுவில், தோலுக்கடியில் ஏற்றுவார்கள். வழக்கமான ஊசியைவிட அந்த ஊசி தடிமன், மணி திமிறும். மாமாவையும் கூட்டிப் போங்கள், தலையைப் பிடித்துக்கொள்ள அவர் கை வேண்டியிருக்கும்.