3-உட்டா, 5-உட்டா? மொட்டைத் தரையில் அடித்துப் பார்த்து வாங்குங்கள்

இந்த முறை வந்த கோல்ஃப் கேள்விகளில் பெரும்பாலானவை ஃபேர்வே உட் பற்றியவை. ஃபேர்வே எனும் வெட்டிய புல்தரையிலிருந்து நீளமாக அடிக்கும் கிளப் இது; 3, 5, 7 என எண் கூடக் கூட முகத்தின் சாய்வும் (லாஃப்ட், டிகிரியில் சொல்வது) கூடும். விலை அதிகம், வாங்கியபின் பையிலேயே தூங்குவதும் அதிகம் என்பதால் அவற்றை மட்டும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): எனக்கு 54 வயது. வாரம் ஒரு நாள் ஆடுகிறேன், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 22. போன வருஷம் நல்ல விலை கொடுத்து 15 டிகிரி 3-உட் வாங்கினேன். டீ (பந்தைத் தூக்கி வைக்கும் சின்ன ஆப்பு) வைத்து அடித்தால் பரவாயில்லை. தரையில் கிடக்கும் பந்தை அடித்தால் முழங்கால் உயரத்தில் ஓடி விழுகிறது, இல்லையென்றால் கிளப் மண்ணைக் குத்துகிறது. பழகப் பழக வரும் என்கிறார் கோச். இந்த வருஷ மாடலில் அடிப்பது சுலபம் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் சொல்வதை முதலில் தள்ளிவிடலாம். மாடல் மாறினாலும் 15 டிகிரி 15 டிகிரிதான். கோச் சொல்வதில் பாதி சரி. பந்தை இடது குதிகாலுக்குச் சற்று உள்ளே வைத்து, அதைத் தூக்கிவிட முயலாமல், லேசாகக் கீழ்நோக்கி அடிக்கப் பழகினால் மண்ணைக் குத்துவது குறையும். ஆனால் பழகினாலும் தீராத ஒரு கணக்கு இருக்கிறது.

தரையில் கிடக்கும் பந்து காற்றில் நிற்க வேண்டுமானால் லாஃப்ட் வேண்டும், அல்லது வேகம் வேண்டும். டீயிலிருந்து மிக நீளமாக அடிக்கும் கிளப்பான டிரைவரில் உங்கள் ஸ்விங் வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே என்றால், 15 டிகிரியைத் தரையிலிருந்து எழுப்புவது கஷ்டம். உங்கள் வயதில் வார விளையாட்டுக்காரர் பலருக்கும் அதுதான் நிலைமை. அந்த வேகத்தில் 18 டிகிரி 5-உட் பெரும்பாலும் 3-உட் போகும் தூரத்துக்கே போகும், சிலருக்குக் கூடுதலாகவும் போகும். பந்து மேலே ஏறி அதிக நேரம் காற்றில் இருப்பதே காரணம். இன்னொன்று, 3-உட்டின் நீளம் சுமார் 43 அங்குலம், 5-உட் அதைவிட அரை அங்குலம் குட்டை, 7-உட் ஓர் அங்குலம் போலக் குட்டை. கிளப் குறுகக் குறுக, முகத்தின் நடுவில் பந்து படுவது சுலபமாகிறது.

இதற்கு மேல் சென்னைத் தரை என்று ஒன்று இருக்கிறது. பட்டுப்போன்ற ஃபேர்வேயில், புல்மேல் உட்கார்ந்திருக்கும் பந்தை அடித்துக் காட்டும் விளம்பரங்களுக்கும் நம் ஊர் ஏப்ரல், மே மாதத் தரைக்கும் சம்பந்தமே கிடையாது. பெர்முடா புல் காய்ந்து ஒட்டிப்போய், பந்துக்கு அடியில் வெறும் மண்ணாக இருக்கும். அதில் ஆழமான முகம் கொண்ட 3-உட்டின் அடிப்பாகம் மண்ணில் பட்டுத் துள்ளி, பந்தின் நடு வயிற்றில் மோதும். நீங்கள் சொல்லும் முழங்கால் உயரப் பந்து அப்படித்தான் பிறக்கிறது. தரை இறுகியிருப்பதால் அது உருண்டாவது கொஞ்ச தூரம் போகும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கருணையும் இல்லை. ஊறிய மண்ணில் விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். அப்போது காற்றில் போன தூரம் மட்டும்தான் கணக்கு.

சின்ன எண் வைத்திருப்பதுதான் வீரம் என்ற எண்ணம் நம் கிளப்களில் இன்னும் போகவில்லை. 2020-ல் அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றபோது கோல்ஃப் வீரர் டஸ்டின் ஜான்சன் பையில் 7-உட் இருந்தது. டிரைவரில் 300 யார்டு அடிக்கிறவருக்கே அது தேவைப்பட்டிருக்கிறது, நாம் எதற்குக் கூச்சப்பட வேண்டும்? இன்னும் பழைய கதை வேண்டுமானால், 1935-ல் அதே அகஸ்டாவில் 15-ஆவது ஹோலில் ஜீன் சாரசென் 235 யார்டு தூரத்திலிருந்து நேராகக் குழியில் போட்டது 4-உட்டால்தான். இன்றும் 17 டிகிரியை ஒட்டிய 4-உட் சில கம்பெனிகளிடம் கிடைக்கிறது. டீயிலிருந்தும் தரையிலிருந்தும் ஒரே கிளப்பால் சமாளிக்க நினைப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். கடைகளில் முன்வரிசையில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆக, புதிய 3-உட் வாங்காதீர்கள். நந்தனம் காஸ்மோ மாதிரி மரங்கள் நெருங்கிய மைதானத்தில் டிரைவருக்குப் பதிலாக டீயில் அடிக்க உங்கள் 3-உட் உதவுகிறது என்றால் அதை அதற்கே வைத்துக்கொண்டு, தரைக்கு 5 அல்லது 7 எண்ணைச் சேருங்கள். டீயிலும் எடுப்பதில்லை என்றால் சீக்கிரம் விற்றுவிடுங்கள். அடுத்த மாடல் வந்தபின் விலை இன்னும் இறங்கும்.

கேள்வி (அண்ணா நகர் வாசகர்): கடையின் சிமுலேட்டரில் 5-உட் 215 யார்டு காட்டியது. வாங்கி வந்து மைதானத்தில் அடித்தால் 185 தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: எல்லா நேரமும் ஏமாற்று இல்லை. நீங்கள் அடித்தது செயற்கைப் புல் பாய்மேல். பந்தை எட்டுவதற்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே கிளப் தரையில் பட்டாலும் பாயில் அது வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். மண் அப்படி மன்னிக்காது. அதோடு திரையில் பெரிதாகத் தெரிவது பல நேரம் உருண்டோடியதையும் சேர்த்த மொத்தத் தூரம். காற்றில் போன தூரம் தனியாக ஓரத்தில் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

அடுத்த முறை போகும்போது உங்கள் பழைய கிளப்பையும் எடுத்துப் போங்கள். ஒரே பாய், ஒரே பந்து, ஒரே மெஷின்: பழையதில் பத்து, புதியதில் பத்து. டீ வைக்காமல். கடைக்காரர் திரையில் மிக நீளமான அடியைத்தான் சுட்டுவார். நீங்கள் மிக மோசமான மூன்றைப் பாருங்கள், ஏனென்றால் ஒரு ரவுண்டில் உங்கள் ஸ்கோரை உடைப்பது அவைதான். சிறந்த அடியில் பத்து யார்டு அதிகம் கொடுத்து, மோசமான அடியில் நாற்பது யார்டு பறிக்கும் கிளப் உங்களுக்கு வேண்டாம். முடிந்தால் டெமோ கிளப்பை ஒரு நாள் கேட்டு வாங்கி, பயிற்சி ரேஞ்சில் புல் தேய்ந்துபோன மூலையில் நின்று அடித்துப் பாருங்கள். தர மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

ஊட்டி ஜிம்கானாவிலோ கொடைக்கானலிலோ அடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டி 2,200 மீட்டர் உயரம், காற்று மெலிது. இங்கே 180 யார்டு போகிற அடி அங்கே 195-ஐத் தொடும். விடுமுறைக்குப் போய்த் திரும்பிய உற்சாகத்தில் கிளப் வாங்கியவர்கள் நிறைய.

கேள்வி (மயிலாப்பூர் வாசகி): 48 வயதில் ஆட ஆரம்பித்திருக்கிறேன். என் கணவரின் பழைய 3-உட்டை ஓர் அங்குலம் வெட்டித் தந்தால் போதும் என்கிறார்கள். செய்யலாமா? அல்லது ஹைபிரிட் (உட்டுக்கும், தட்டையான தலை கொண்ட அயர்னுக்கும் இடைப்பட்ட கிளப்) வாங்கவா?

பதில்: வெட்ட வேண்டாம். ஷாஃப்ட்டை (கிளப்பின் தண்டை)க் குறைத்தால் அது இன்னும் விறைப்பாகும், தலைப்பக்கத்துக் கனம் கையில் தெரியாமல் போய்விடும். ஓர் அங்குலத்துக்கு ஸ்விங் வெயிட் (அந்தக் கனம் கையில் எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) சுமார் ஆறு புள்ளி இறங்கும், அது சின்ன மாற்றமில்லை. அவருடைய ஷாஃப்ட் ஏற்கெனவே உங்களுக்குக் கனமும் விறைப்பும் அதிகம். வெட்டினால் கனம் சற்றுக் குறையும், விறைப்பு கூடும். அதைவிட முக்கியம், வெட்டியபின்னும் 15 டிகிரி அப்படியேதான் இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது லேசான ஷாஃப்ட் கொண்ட 7-உட், அதாவது 21 டிகிரி போல. பிறகு மனம் வந்தால் 24 டிகிரி 9-உட். ஹைபிரிட் நல்ல கருவிதான், ஃபேர்வேக்கு வெளியே உயரமாக வளர்ந்த ரஃப் புல்லிலிருந்து வெட்டிக்கொண்டு வெளியே வர அதற்கு நிகரில்லை. ஆனால் வேகம் குறைந்தவர்கள் அடித்தால் பந்து அவ்வளவு உயரம் போகாது. உட்டின் எடை மையம் இன்னும் பின்னால், இன்னும் கீழே இருப்பதால் பந்து உயர ஏறி, குழி இருக்கும் க்ரீன்மேல் மெதுவாக விழும். அயர்னில் கீழ்நோக்கிக் கொத்தி அடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு ஹைபிரிட், பெருக்குவதுபோல் அடிப்பவருக்கு உட் என்று ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். பையில் 14 கிளப்தான் அனுமதி என்றாலும், ஆரம்பத்தில் உங்களுக்கு அதில் பாதி போதும். முழு செட்டை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

கேள்வி (பல்லாவரம் வாசகர்): சமூக வலைத்தளப் பக்கம் ஒன்றில் பிரபல பிராண்ட் 5-உட் கடை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தால் எழுத்துகள் மங்கலாக, உறை கோணலாகத் தைத்து வந்திருக்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று முன்பே சொன்னோமே என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் போலிதானா என்று உறுதி செய்யுங்கள். கழுத்துப் பகுதியில் சீரியல் எண் பொறித்திருக்கும். எண் இருப்பதாலேயே அசல் என்று ஆகிவிடாது, போலிகளில் ஒரே எண்ணைப் பல கிளப்களில் போடுகிறார்கள். எண்ணையும் படங்களையும் கம்பெனியின் இந்திய வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். அங்கீகரிக்கப்பட்ட கடையில் அதே மாடலைக் கையில் எடுத்து ஒப்பிடுங்கள். பெயின்ட் வழிந்திருப்பது, ஷாஃப்ட்டின் எழுத்து நகத்தால் சுரண்டினால் உரிவது, தலையை ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் ஆகியவை சந்தேகத்துக்குரிய அடையாளங்கள்.

போலி என்று உறுதியானால் 'திரும்பப் பெற மாட்டோம்' என்ற வாசகம் அவர்களைக் காப்பாற்றாது. குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். அவர்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தனிநபர் ஒருவர் எப்போதோ தன் பழைய கிளப்பை விற்றால் இந்த விதிகள் பொருந்தாது. பக்கம் நடத்தித் தொடர்ந்து விற்பவர் அப்படித் தப்பிக்க முடியாது.

எழுத்தில் புகார் அனுப்புங்கள், போனில் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். பணம் கட்டிய ரசீது, உரையாடல், விளம்பரப் படம் எல்லாவற்றையும் உடனே சேமியுங்கள், ஏனென்றால் பக்கமே காணாமல் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், அதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒரே ஒரு கிளப்புக்காக இவ்வளவா என்று கேட்கலாம். பெரும்பாலும் முறையான நோட்டீஸ் போனதுமே பணம் திரும்பி வந்துவிடும்.

கேள்வி (அடையாறு வாசகர்): அமெரிக்காவில் இருக்கும் மச்சான் பழைய ஃபேர்வே உட் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். லாஃப்ட்டை மாற்றிக்கொள்ளும் திருகு உள்ளதாம். அந்த வசதிக்காக அதிகம் கொடுக்கலாமா?

பதில்: பழையது என்றால் தாராளமாக. உட் சீக்கிரம் தேய்ந்து போகும் பொருளில்லை. வாங்குமுன் முகத்தில் குழிவும் மேல்பக்கத்தில் பந்துத் தழும்பும் இருக்கிறதா, கழுத்துக்கு அருகே ஷாஃப்ட்டில் விரிசல் இருக்கிறதா என்று படம் கேட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் விறைப்பில் ரெகுலரா ஸ்டிஃப்பா என்று கட்டாயம் கேளுங்கள், இல்லையென்றால் அங்கே மலிவாகக் கிடைப்பதை வாங்கி வந்துவிடுவார். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லுமா என்பதையும் விசாரித்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையோடு ஏற்ற விடமாட்டார்கள், செக்-இன் பையில்தான் வர வேண்டும்.

திருகுக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். லாஃப்ட்டைக் கூட்டினால் முகம் இடப்பக்கம் மூடிக்கொள்ளும், குறைத்தால் திறந்துகொள்ளும். பந்து எப்போதும் வலப்பக்கம் விலகிப் போகிறவருக்கு முதலாவது உதவும், மற்றவருக்குத் தலைவலி. ஒருமுறை சரிசெய்தபின் பலர் அதைத் தொடுவதே இல்லை. ரவுண்டு நடுவில் திருகி அமைப்பை மாற்றுவதும் விதிக்கு விரோதம்.

கேள்வி (தாம்பரம் வாசகர்): கிளப்பை கார் டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். கெடுமா?

பதில்: சென்னை வெயிலில் கெடும். தலையையும் ஷாஃப்ட்டையும் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் நாளடைவில் தளரும், கிரிப் ரப்பர் காய்ந்து வழுக்கும். மழைக்காலத்தில் நனைந்த உறையைக் கழற்றாமல் விட்டால் எஃகுத் தலையில் துருப் பிடிக்கும். உறையைத் தனியாகக் காயப்போட்டு, தலையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் வையுங்கள்.