பிரசவ அறையா, புறநோயாளர் பிரிவா?

மதிப்பிற்குரிய அம்மா,

சேர்வராயன் மலையில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மேற்படிப்புக்கு எம்.எஸ்சி. மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ச் செவிலியமா, பிரசவம் பார்ப்பதற்கான மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியா என்று முடிவெடுக்க முடியவில்லை. எம்.எஸ்சி. முடித்தால் கல்லூரி வேலை கிடைக்கும் என்கிறார்கள் வீட்டில். அமெரிக்காவில் உள்ள அக்காவோ, மகளிர் நல நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட்டால் இரவுப்பணியே இராது என்கிறாள். சென்ற மாதம் மழை இரவில் ஒரு பெண் வலியோடு வந்தார். படுக்கச் சொல்லாமல் வராந்தாவில் நடக்க விட்டேன். இடுப்பைத் தேய்த்துக்கொண்டே கூட நடந்தேன். விடியும் முன் சுகப்பிரசவம். அதன்பின் இந்தக் குழப்பம் அதிகமாகிவிட்டது.

ஒரு வாசகி, ஏற்காடு

அன்புள்ள மகளுக்கு,

சேலத்தில் பிரசவ அறையிலும் பின்பு செவிலியர் பயிற்சியிலும் காலம் கழித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளலாம்.

அக்கா சொல்வதை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் மகளிர் நல நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளியைத் தாமே பரிசோதித்துச் சிகிச்சை தரும் மேற்படிப்புச் செவிலியர், கருத்தடை, மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பகாலப் பரிசோதனை, மாதவிடாய் நின்ற பிறகான தொல்லைகள் ஆகியவற்றைப் பார்ப்பார், பிரசவம் பார்க்கமாட்டார். சான்று பெற்ற நர்ஸ் மிட்வைஃப் இவற்றோடு பிரசவமும் பார்ப்பார், ஆகவே இரவுப்பணி அவருக்கு உண்டு. இரண்டுமே முதுநிலைப் படிப்புகள். அங்கே செவிலியராக உரிமம் பெற என்க்ளெக்ஸ் தேர்வையும் நீங்கள் எழுதியாக வேண்டும். இந்தியாவில் மகளிர் நலத்துக்கென்று அப்படியொரு தனிப் பதவி இல்லை. இங்கே அதற்கு நெருக்கமானது உங்கள் வீட்டார் சொல்லும் இரண்டாண்டு எம்.எஸ்சி.; அது பெரும்பாலும் உங்களைக் கரும்பலகைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். அதில் குறையொன்றும் இல்லை, நானும் நின்றவள்தான்.

மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர் என்பது மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பதிவு பெற்ற செவிலியருக்கு அளிக்கப்படும் 18 மாதப் பயிற்சி. சிக்கலற்ற பிரசவத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை தாமே பொறுப்பேற்று நடத்தவும், சிக்கலின் முதல் அறிகுறியிலேயே மருத்துவரை அழைக்கவும் பழக்குவதுதான் அதன் சாரம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் அது 60-ஐயும் தாண்டியது. இவற்றில் தவிர்க்க முடியாதவையும் உண்டு. ஆனால் வலியெடுத்த பெண்ணோடு மணிக்கணக்கில் பொறுமையாக உடனிருக்க ஆளில்லாததும் ஒரு காரணம் என்பதை எந்த லேபர் வார்டு செவிலியரும் அறிவார்.

நீங்கள் வராந்தாவில் செய்தது அந்த உடனிருப்பைத்தான். நடக்கும்போது குழந்தையின் தலை இறங்க இடுப்பெலும்பு வழிவிடுகிறது, வலியும் சீராகிறது. ஆனால் நடக்க விட்டதோடு வேலை முடிவதில்லை. அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக் குறித்தீர்களா, பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டீர்களா, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று தட்டில் விரித்துப் பார்த்தீர்களா என்பவற்றை நீங்கள் எழுதவில்லை. செய்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன். கீழே சேலம் அரசு மருத்துவமனைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கவேண்டிய இடத்தில், உதிரப்போக்கை அறிவதில் பத்து நிமிடத் தாமதம்கூட மிகப் பெரியது.

மகளிர் நோய்ப் பக்கத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. வெள்ளைப்படுதலை ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்திருக்கும் எஸ்டேட் பெண், புற்றுநோய் அறிகுறி உண்டா என்று கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனைக்கு ஒப்புக்கொள்வது, முன்பு தன் பிரசவத்தின்போது கையைப் பிடித்திருந்த செவிலியர் சொன்னால்தான். ஆகவே மிட்வைஃபரிக்குப் போனால் அந்தக் கதவு மூடிவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கல்லூரிக்கு ஒரு வரி, அக்காவுக்கு ஒரு வரி, அந்த இரவுக்கு நான்கு வரிகள். மிட்வைஃபரிக்கே போங்கள். விண்ணப்பிக்குமுன் இரண்டைக் கேட்டறியுங்கள்: பயிற்சிக் காலத்தில் உங்கள் சம்பளமும் பணித்தொடர்ச்சியும் என்னவாகும், திரும்பி வந்ததும் பிரசவ அறையிலேயே அமர்த்துவார்களா, அல்லது ஆள் குறைவென்று பொது வார்டுக்கு மாற்றிவிடுவார்களா. இரண்டாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.