கடலுக்கு அடியில் துணைக்கு வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போன செப்டம்பரில் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கில் 'ஓப்பன் வாட்டர்' என்ற ஆரம்பநிலை கோர்ஸ் முடித்தேன். மொத்தம் நான்கு டைவ், நான்கும் படகிலிருந்து. வரும் மே மாதம் அத்தை பிள்ளைகளோடு பாலி போகிறேன். அவர்களுக்கு டைவிங் தெரியாது. அங்கே துலாம்பென்னில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாமாம். ஜோடியாக இறங்க எனக்கு ஆள் இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் 6,000 ரூபாய் கொடுத்தால் துணைக்கு இறங்குகிறேன் என்கிறார். நம்பலாமா? அதற்கு முன் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ இறங்கிப் பழகிக்கொள்ளலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் போட்டுகள் அப்போதும் ஓடும், வலையும் தண்ணீரில் கிடக்கும். நீங்கள் தலையைத் தூக்கும் இடத்தில் போட் வந்தால் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள். சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து மணல் தெற்கே மெரினா பக்கம் சேர்ந்துகொண்டே இருக்கிறது, வடக்கே கரை அரிக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பக்கம் முழுக்கக் கருங்கல்லும், கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவு என்ற கல் தடுப்பும். அலை கல்லில் அடித்துத் திரும்பும்போது வளைவின் ஓரமாகவே ஆளை வெளியே இழுக்கும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்த எண்ணெயையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நான் ஒருமுறை இறங்கியிருக்கிறேன். நண்பரின் போட் நங்கூரம் திருவொற்றியூரில் ஒரு வளைவுக்குப் பின்னால் அறுந்து விழுந்துவிட்டது. நாலு மீட்டர் ஆழம்தான், எடுத்துவிடலாம் என்று போனேன். கீழே காற்று எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மீட்டரை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தேன். தெரியவில்லை. மாஸ்க் கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன். அப்போதும் பழுப்பு நிறக் கலங்கலைத் தவிர எதுவும் இல்லை. திரும்பலாம் என்றால் இடது கால் வரவில்லை. யாரோ வீசிவிட்டுப் போன நைலான் வலை, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸில் சுற்றியிருந்தது. கத்தியைக் கையால் தடவி எடுத்து, தடவியே அறுத்து வெளியே வந்தேன். பல வருஷம் சொல்லிக்கொடுத்த ஆளுக்கே அந்தக் கதி. கடலோடு பிறந்த இத்தனை பிள்ளைகள் இருக்கும் இந்தப் பக்கத்திலிருந்து டைவிங் பழக ஈசிஆருக்கோ புதுச்சேரிக்கோதான் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அது எனக்கு ஆறாத கோபம். அதற்காக உங்களைக் காசிமேட்டில் இறங்கச் சொல்ல முடியாது.

சரி, துணை விஷயத்துக்கு வருவோம். முத்துக்குளிக்கப் போகிறவன் படகில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவான் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, கை தளராது. இன்று கயிறு இல்லை. உங்கள் காற்று தீர்ந்தால் ஜோடியாக வருகிறவர் தன்னிடம் உள்ள இரண்டாவது வாய்க்குழாயை நீட்ட வேண்டும். அதற்கு அவர் இரண்டு மூன்று வீச்சு நீந்தினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை, ஆனால் முழு வேலையும் அதுதான்.

அந்த வாட்ஸ்அப் நபரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது தண்ணீருக்குள் போனார்? கரையிலிருந்து எத்தனை முறை இறங்கியிருக்கிறார்? போட்ட டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தைக் காட்டுவாரா? கேமரா எடுத்து வருவாரா? முந்நூறு டைவ் போட்டவராக இருந்தாலும், கண்ணைக் கேமராவில் வைத்திருப்பவர் உங்களைப் பார்க்கமாட்டார். "அதெல்லாம் எதுக்கு ப்ரோ, கார்டு இருக்கு" என்று பதில் வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் முடித்ததற்கான கார்டு இருக்கிறது, உண்மைதான். நான்கு டைவ் முடித்ததும் கொடுத்துவிடுகிறார்கள், ஆயுசுக்கும் செல்லும், புதுப்பிக்க வேண்டியதே இல்லை. நான்கு டைவ் போட்ட இருவர் ஜோடி சேர்ந்து 18 மீட்டர் வரை இறங்கலாம் என்பதும் அந்தக் கார்டின் கணக்குதான். காசு வாங்கிக் கார்டு அடிக்கிற அமைப்புகள் இதைத் திருத்தாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த 6,000 ரூபாயை துலாம்பென்னில் உள்ள ஒரு டைவ் கடையில் கொடுத்து, முதல் நாளுக்கு உங்களுக்கு மட்டும் ஒரு உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு மட்டும்' என்பதை முன்பே எழுதிக் கேளுங்கள். நான்கு பேரை அழைத்துப் போகிற வழிகாட்டி யாருக்கும் ஜோடி ஆகமாட்டார். "நான்கு டைவ்தான், எட்டு மாசமாகத் தண்ணீர் தொடவில்லை" என்று வெட்கப்படாமல் சொல்லி, முதலில் ஆழமில்லாத இடத்தில் பழைய பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அங்கேயே தனியாக வந்த வேறொருவர் அமைந்தால், இரண்டாம் நாள் அவரையும் சேர்த்து அதே வழிகாட்டியோடு இறங்கலாம். இறங்கும் முன் பேசிக்கொள்ள வேண்டியது: சிலிண்டரின் காற்றழுத்தம் 100 பாருக்கு இறங்கியதும் திரும்புவது, 50 பார் மிச்சத்தோடு கரை ஏறுவது, ஒருவரை ஒருவர் காணவில்லை என்றால் ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக மேலே வருவது.

துலாம்பென்னில் நீங்கள் பார்க்கப்போவது 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியதால் கரை தட்டிக் கிடந்தது. 1963-இல் ஆகுங் எரிமலை குமுறியபோது கடலுக்குள் சரிந்தது. மேல்பகுதி சுமார் ஐந்து மீட்டரிலேயே தொடங்கிவிடும், அடி 30 மீட்டர் வரை போகும். உங்கள் எல்லை 18. கரை மணல் கிடையாது, உருண்டைக் கற்கள். சிலிண்டரை உள்ளூர்ப் பெண்கள் தலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர்கள் நடப்பதைப் பார்த்து நீங்களும் விறுவிறுவென்று நடக்காதீர்கள், காலுக்குக் கீழே கல் உருளும். மாஸ்க் முகத்தில், மூச்சு விடும் ரெகுலேட்டர் வாயில், மிதக்க வைக்கும் ஜாக்கெட்டில் காற்று. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். இடுப்பளவு வந்ததும் வழிகாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின்ஸ் போடுங்கள். திரும்பும்போது அலை தள்ளினால் நிற்க முயற்சிக்க வேண்டாம், தவழ்ந்தே வாருங்கள்.

சென்னையில் பேக்கேஜ் விற்கிற ஏஜென்ட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடச் சொல்வார்கள். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு ஆஸ்துமா. ஏஜென்ட் பேச்சைக் கேட்டு மறைத்துவிட்டார். மூச்சு வாங்கியபோது நல்லவேளை ஆறு மீட்டரில் இருந்தோம். சளி இருந்தாலும் சொல்லுங்கள், அன்றைக்கு இறங்காதீர்கள்.

இன்னொன்று, டைவ் முடித்த 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மலையும் அதே கணக்குதான் என்பது யாருக்கும் தெரிவதில்லை. பேக்கேஜில் ஒரு நாள் துலாம்பென், மறுநாள் விடிகாலை பாத்தூர் மலையில் சூரிய உதயம் என்று போட்டுவிடுவார்கள். பாத்தூர் 1,717 மீட்டர், நம் ஏற்காட்டை விட உயரம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் அங்கே ஏறினால், விமானத்தில் ஏறுவதும் அதுவும் ஒன்றுதான். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம் போதும் என்று சொல்வதுண்டு. ஆனால் அங்கே போய் ஒரே டைவோடு நிறுத்திய ஆளை நான் பார்த்ததில்லை, அதனால் 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலையை முதலில் போடுங்கள், கடலைப் பிறகு வையுங்கள், அதற்குப் பிறகு ஒரு முழு நாள் கீழேயே சுற்றுங்கள். ஏஜென்ட் மாற்ற முடியாது என்றால் மலையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த அத்தை பிள்ளைகள். டைவிங் தெரியாது என்று அவர்களைக் கடைவீதிக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒருவர் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, நீங்கள் இறங்கிய இடத்துக்கு நேராகக் கரையில் உட்கார வையுங்கள். எத்தனை மணிக்குத் தலை தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். பத்து நிமிஷம் தாண்டினால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய கடைக்காரர் யார் என்பதையும் முகத்தோடு காட்டிவிடுங்கள்.