மூச்சை ஏன் எண்ண வேண்டும்?

கேள்வி: இடுப்பு ஆபரேஷன் முடிந்து அம்மாவுக்கு வலிக்காக மார்ஃபின் போட்டார்கள். விரலில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டியிருந்தும், இரவெல்லாம் நர்ஸ் வந்து மூச்சை எண்ணினார். எதற்காக?
- வாசகி, காரைக்குடி

பதில்: அவர் செய்ததுதான் சரி. இதயத்துக்குத் துடிப்பு அதற்குள்ளேயே பிறக்கிறது. நுரையீரலுக்கு மூளைதான் தாளம் தர வேண்டும். அந்தத் தாளத்தைத் தர, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் இடமும் வலமுமாக ஒரு சிறு நரம்பு செல் கூட்டம் உண்டு. பெயர் ப்ரீ-பாட்ஸிங்கர். 1991-இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் எலிக்குட்டியின் முகுளத்தில் அந்த இடத்தை மெல்லிய சீவலாக நறுக்கித் திரவத்தில் வைத்தார்கள். உடல் இல்லை, நுரையீரல் இல்லை. ஆனாலும் நாக்குக்குப் போகும் நரம்பின் வேரில் மூச்சுத் தாளம் விட்டுவிட்டு அடித்தது!

இந்த செல்கள் குளூட்டமேட் என்ற நரம்புச் செய்திப் பொருள் மூலம் ஒன்றையொன்று தூண்டி, சேர்ந்து வெடித்து, அடங்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு உள்மூச்சு. சப்ஸ்டன்ஸ்-பி என்ற இன்னொரு செய்திப் பொருள் இதை வேகப்படுத்தும். மார்ஃபினோ, இதே செல்களில் பலவற்றின் மேல் இருக்கும், மருந்து வந்து ஒட்டும் 'மியூ' ஏற்பிகளில் உட்கார்ந்து அவற்றை மந்தமாக்கும். கரியமில வாயு ஏறினால் மூச்சை முடுக்கும் உணர்வும் மழுங்கிவிடும்.

மீட்டர் ஏமாற்றுவது இங்கேதான். மூக்கில் ஆக்சிஜன் ஓடினால், மூச்சு பாதியாகக் குறைந்தாலும் மீட்டர் 97 காட்டும். உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டிருக்கும். அதனால் நெஞ்சைப் பார்த்து முழு 1 நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் நடுவில் விழும் இடைவெளி தப்பிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 இயல்பு. 8-க்குக் கீழே போனாலோ, புதிதாகக் குறட்டை கேட்டு, தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ அவசரம். மார்ஃபினின் வேலையை முறிக்கும் மருந்து நலோக்சோன். அதன் வேலை பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், மார்ஃபின் அதற்குப் பிறகும் உடலில் இருக்கும். எனவே விழித்துவிட்டார் என்று கண்காணிப்பை விடக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும், மார்ஃபினின் சிதைபொருள் வெளியேறாமல் தேங்கும்.

கேள்வி: குறைமாதக் குழந்தைக்கு காஃபின் தருகிறார்களாமே?
- வாசகர், தேனி

பதில்: ஆமாம். அந்த வயதில் தாளம் முதிர்ந்திருக்காது. 20 விநாடிக்கு மேலும் மூச்சு நின்றுபோகும். மூளையில் அடினோசின் என்ற பொருள் மூச்சை அடக்கும், காஃபின் அதன் ஏற்பியை மறிக்கும். வழக்கமாக முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி. காஃபின் சிட்ரேட். சீட்டில் 'சிட்ரேட்' என்று கட்டாயம் எழுத வேண்டும். 20 மி.கி. சிட்ரேட்டில் காஃபின் 10 மி.கி.தான், அந்தச் சொல் விடுபட்டால் குழந்தைக்கு இரட்டிப்பு அளவு போய்விடும்.