ஐந்து மாதத்தில் ஒரு பெயர்கூட இல்லையா?

கேள்வி: கோவையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, ஓராண்டுக்குத் தன்னார்வத் தமிழாசிரியையாகத் தென்னாப்பிரிக்கா வந்திருக்கிறேன். டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் வார இறுதி வகுப்பு. பதினான்கு பிள்ளைகள். ஐஸ்டெட்ஃபோட் என்று வருடாவருடம் நடக்கும் போட்டிக்காகப் பாட்டை நெட்டுருப் போடுகிறார்கள்; பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். பெரியவர்களோ "நாங்கள் தமிழ்" என்பதையே ஆங்கிலத்தில்தான் சொல்கிறார்கள். தங்கியிருக்கும் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, ஆனால் இன்னும் விருந்தாளிதான். தோழி என்று சொல்ல ஒருவரும் இல்லை. இவர்களுக்குத் தமிழ் வேண்டுமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பாதியில் திரும்பிவிடலாமா?
ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: திரும்ப வேண்டாம். ஆனால் இப்போது இருப்பதுபோல் இருக்கவும் வேண்டாம்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறோம். முழுக் கடிதத்தையும் இரண்டு முறை படித்தேன். கோவைத் தோழிகள் மூன்று பேர் அதில் பெயரோடு வருகிறார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒருவருக்கும் பெயர் இல்லை. "வீட்டு ஆன்ட்டி", "பின்வரிசைப் பையன்", "மண்டபம் கூட்டும் ஜுலு அம்மா", அவ்வளவுதான். ஐந்து மாதமாக உங்களுக்குச் சோறு போடுகிறவரின் பெயர் உங்கள் பேனாவுக்கு வரவில்லை. தோழமை கிடைக்கவில்லை என்று அவர்கள்மேல் குறை எழுதுவதற்கு முன்னால் இதை ஒருமுறை பாருங்கள்.

"நாங்கள் தமிழ்" என்று அவர்கள் சொல்வதையும் நீங்கள் தவறாக வாங்கிக்கொண்டீர்கள். அந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பேசுகிற மொழி என்பது மட்டும் பொருளில்லை. பிறந்த குடி, கும்பிடும் சாமி, காவடி எடுக்கும் நாள் எல்லாம் அதற்குள் அடக்கம். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதிலிருந்து 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்குமாக ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில். தமிழ், ஊரார் காசு போட்டு நடத்திய மாலை வகுப்பில். 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரிலும் மேகசின் பாரக்ஸிலும் கோயிலும் பள்ளியும் சொந்தமுமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த ஊர்தான், 1960-களில் உருவான உங்கள் சாட்ஸ்வொர்த். இத்தனைக்கும் பிறகு ஒரு கொள்ளுப்பேரன் நாவில் பாட்டு மட்டுமாவது நிற்கிறது. எனக்கு அது பெரிய சொத்தாகத் தெரிகிறது. பொருள் சொல்லித்தரத்தானே நீங்கள் போயிருக்கிறீர்கள்?

இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 1997-இல் எட்டு மாதம் அதே ஊரில் நானும் தொண்டு வகுப்பு எடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில் வயதான ஓர் அம்மா பாடிக்கொண்டிருந்தார். "மழை" வரவேண்டிய இடத்தில் "மளை" என்றார். பத்துப் பேர் முன்னால் நான் திருத்தினேன். அவர் சிரித்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். அடுத்த வாரம் பாட வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஆடி மாதம் அங்கே குளிர்காலம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அவர்கள் 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் அந்தக் கூழில் நம் ஊர் வாசம் அப்படியே இருக்கும். அன்று விடியற்காலை ஆள் குறைவு என்று என்னையும் பூசணிக்காய் நறுக்க உட்கார்த்தினார்கள். பக்கத்தில் அந்த அம்மா. நான் காயைக் கோணலாக வெட்டுவதைப் பார்த்து, கையிலிருந்த கத்தியை வாங்கி, பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். பேச்சு அப்படித்தான் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். அட்டை பிய்ந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. உள்ளே அம்மன் பாட்டுகள், முழுக்க ஆங்கில எழுத்தில். அவருடைய அப்பா மேகசின் பாரக்ஸில் குடியிருந்த மாநகராட்சித் தொழிலாளி. மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாமல் போய்விடுமோ என்று, தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து அப்படி எழுதிவைத்திருக்கிறார். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு எங்கே போவார்? 'எல்' போட்டிருந்தார். அந்த அம்மா அப்பா எழுதியதை எழுத்துப் பிசகாமல் பாடியிருக்கிறார். நான் திருத்தியது அந்த மனிதரை. கையில் பூசணி விதை ஒட்டியிருக்க, அந்தப் பக்கத்தைத் தொடவே எனக்குக் கூசியது. மன்னிப்புக் கேட்டேன். "நீங்க டீச்சர்தானே" என்றார். அதன்பிறகு நான் ஊர் திரும்பும்வரை அவர் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

நீங்கள் கொடுப்பதற்காகப் போனவர். ஆனால் கொடுக்கிறவராக மட்டுமே இருப்பவரைக் கடைசிவரை விருந்தாளியாகத்தான் வைப்பார்கள். வேறு எப்படி வைப்பது? வீட்டில் ஒருநாளாவது பாத்திரம் துலக்கினீர்களா? எனக்கு ரொட்டி தேய்க்க வராது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டீர்களா? இரவு 7 மணிக்கு அறைக்குள் போய்த் தோழிகளிடம் போனில் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். கோவையில் அப்போது 10.30, அவர்களுக்குத் தூங்குகிற நேரம். உங்கள் வீட்டு ஆன்ட்டிக்கோ வேலை முடிந்து காலை நீட்டி உட்காருகிற நேரம். வாரத்தில் நான்கு நாள் அந்தப் போனை வையுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது தெருவில் எப்படி இருந்தது, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் என்ன போயிற்று என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் உட்கார்ந்திருங்கள். அந்தக் கலவரத்தில் இந்தியர், கறுப்பர் என இரு பக்கமும் ஆறாத புண் இருக்கிறது. அதில் வெளியூர்க்காரர் கருத்துச் சொல்ல அவசரப்படக் கூடாது.

வெளியே போகப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். அது வீண் பயமில்லை. இருட்டியபின் தனியாகப் போகாதீர்கள். பகலில் துணையோடு போகலாமே. சனிக்கிழமை காலை உங்கள் ஊர்ச் சந்தையான பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆன்ட்டி பின்னாலேயே நடங்கள். அவர் சொல்லும் வழியில், அவர் வீட்டுப் பெண்ணோடு மினிபஸ் டாக்ஸியில் ஏறுங்கள். பின்னாலிருப்பவர்கள் காசை முன்னால் கைமாற்றி அனுப்புவார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் எண்ணிச் சில்லறை கொடுக்க வேண்டும். ஒருநாள் அந்த இடத்தில் உட்கார்ந்து கணக்கில் தடுமாறுங்கள். வண்டியே உங்களுக்கு உதவிக்கு வரும்.

மண்டபம் கூட்டும் அம்மாவுக்குத் தினமும் "சாவுபோனா" சொல்லுங்கள். ஜுலுவில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாமல் அந்த மண்ணில் மொழி ஆசிரியராக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வகுப்பைப் பற்றி ஒன்றுதான். பாடப் புத்தகத்தை இரண்டு வாரம் மூடிவையுங்கள். தாத்தா, மாமா, பெரியம்மா, ரசம், கருவாடு என்று அந்தப் பிள்ளைகள் வீட்டில் இன்னும் புழங்கும் சொற்களை அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டிகளிடம் போய்க் கேட்டு வருவார்கள். நோட்டு வைத்திருக்கும் பாட்டி ஒருவராவது அங்கே இருப்பார்.

ஆடி பிறந்துவிட்டது. உங்கள் கோயிலில் எந்த ஞாயிறு கூழ் ஊற்றுகிறார்கள் என்று இன்றைக்கே விசாரியுங்கள். முந்தின நாளே போய்ப் பூசணிக்காய் நறுக்க உட்காருங்கள். அடுத்த கடிதத்தை, கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரின் பெயரில் தொடங்குங்கள்.