விழாத கண்ணாடி

கேள்வி: ஒருமுறைகூடக் கீழே விழாத கண்ணாடியை ‘எளிதில் உடையக்கூடியது’ என்கிறோம். நடக்காத ஒன்று எப்படி அதன் பண்பாகும்?

பதில்: ‘தட்டினால் உடையும்’ என்பதற்கு மேல் அந்தப் பண்பில் ஒன்றுமில்லை என்று பல தத்துவவாதிகள் சொல்லிவந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தத்துவவாதி சி.பி. மார்ட்டின் 1994-இல் வெளியான கட்டுரையில் ஒரு கருவியைக் கற்பனை செய்தார். அதனோடு இணைந்த கம்பியில் மின்சாரம் இல்லை. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும் இன்னொரு பொருள் கம்பியைத் தொட்ட கணமே கருவி அதில் மின்சாரத்தை ஏற்றிவிடும். ‘தொட்டால் மின்சாரம் பாயும்’ என்பது உண்மைதான், ஆனாலும் தொடாதவரை அது வெறும் கம்பி! ஆக, அந்த வாக்கியம் வேறு, பண்பு வேறு. சரி, பண்பு எங்கே இருக்கிறது? கண்ணாடியின் அணுக்கள் பிணைந்திருக்கும் விதத்தில், விழுவதற்கு முன்பே இருக்கிறது என்பேன். எலக்ட்ரானின் மின்னூட்டமும் இதுபோன்ற பண்புதான், ஆனால் அதற்கு அப்படி உள்ளமைப்பு எதுவும் தெரியவில்லை. அங்கே ‘இப்படிச் செயல்படும்’ என்ற திறனே அடித்தளம் என்று நம்புகிறேன்.